அப்பாவின் வயிற்றில் டியூப் வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பக்கவாதம் வந்து ஐந்து வாரமாக மூக்கு டியூப் வழியாகத்தான் சாப்பாடு. அதையும் அடிக்கடி பிடுங்கிவிடுகிறார். வயிற்றில் துளை போட்டு டியூப் வைக்கலாம் என்கிறார் டாக்டர். வைத்துவிட்டால் வாயால் சாப்பிடவே முடியாது, விடாதே என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: தாராளமாக வைக்கலாம். விழுங்கும் திறன் திரும்பினால் டியூப்பை எடுத்துவிடலாம், துளையும் பெரும்பாலும் சில நாட்களில் தானாக மூடிவிடும். நான்கு வாரத்துக்கு மேல் டியூப் தேவைப்படும் என்றால் பெரும்பாலான டாக்டர்கள் இதைத்தான் யோசிப்பார்கள். பெரிய ஆபரேஷனும் இல்லை. நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள மெல்லிய குழாயான எண்டோஸ்கோப்பை வாய் வழியாக இரைப்பைக்குள் விட்டு, அதன் வெளிச்சம் வயிற்றுத் தோலில் தெரிகிற இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னக் கீறல் வழியாக டியூப்பை வைப்பார்கள், பொதுவாக அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 1979ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் முதன்முதலாக இதைச் செய்ததே ஒரு கைக்குழந்தைக்குத்தான்.

அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா? முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்புறம், வயிற்றில் டியூப் வைத்தால் இனி புரையேறாது என்று பலர் நம்புகிறார்கள், அது சரியில்லை. எச்சிலும், இரைப்பையிலிருந்து மேலே வருவதும் நுரையீரலுக்குள் போகலாம், அதனால் உணவு கொடுக்கும்போதும் அதன்பின் ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்கட்டும். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் தண்ணீர் விட்டு டியூப்பைக் கழுவுங்கள், கெட்டிக் கஞ்சி அடைத்துக்கொள்ளும்.

ரொம்ப முக்கியமானது ஒன்று. பிடுங்கும் பழக்கம் இதிலும் தொடரலாம். வயிற்றைச் சுற்றி மென்மையான பெல்ட் கட்டி டியூப்பை மறைத்து வையுங்கள். அதையும் மீறி முதல் சில வாரங்களில் வெளியே வந்துவிட்டால் வீட்டில் யாரும் திரும்பச் செருகக் கூடாது, உணவு இரைப்பைக்கு வெளியே வயிற்றறைக்குள் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழைய துளையாக இருந்தாலும் சில மணி நேரத்தில் சுருங்கிவிடும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: மறதி நோய் முற்றிய பாட்டி சாப்பிட மறுக்கிறார். அவருக்கும் இதை வைக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். இந்த நிலையில் டியூப் ஆயுளைக் கூட்டுவதில்லை, நிமோனியாவையும் தடுப்பதில்லை, படுக்கைப்புண்தான் அதிகமாகலாம். வாயில் புண், மலச்சிக்கல், பசியைக் குறைக்கும் மாத்திரை ஏதாவது காரணமா என்று முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பாட்டியை நிமிர்த்தி உட்காரவைத்து, அவருக்குப் பிடித்ததைக் குழைவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். போதும் என்று முகத்தைத் திருப்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.