கம்பளி என்று வாங்கிய நூலில் சாயம் ஏறவில்லையே, ஏன்?

கேள்வி: கனடாவில் இருக்கும் அக்காவுக்கு என் கையாலேயே ஒரு கம்பளிச் சால்வை செய்து அனுப்ப ஆசை. யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் கம்பளி என்று சொல்லித் தந்த நூலை வாங்கி, வெங்காயத் தோல் அவித்த நீரில் போட்டேன். அலசியதும் நிறம் முழுவதும் போய்விட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். பழைய கதர் இராட்டை ஒன்று 30,000 ரூபாவுக்கு வருகிறது. அதை வாங்கி நானே நூற்கலாமா?
— வாசகி, கோண்டாவில்

பதில்: இராட்டைக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. முதலில் நூலைப் பார்ப்போம். அது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழையாக இருக்கும். அக்ரிலிக்கில் வெங்காயத் தோல் மட்டுமல்ல, எந்த இலைச் சாயமும் வேர்ச் சாயமும் நிற்காது. ஒரு துண்டு நூலைக் குறட்டில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும். நெருப்பை விலக்கினால் தானே அணையும். தலைமயிர் பொசுங்கும் நாற்றம் வரும். மிஞ்சும் கரி விரலிடையில் பொடியாகும். அக்ரிலிக் உருகி எரியும். ஆறியபின் நசுக்க முடியாத கறுப்பு முடிச்சு மிஞ்சும்.

முடிச்சு மிஞ்சினால் கடைக்காரர் சொன்னது பொய். பொருளின் தன்மையைப் பொய்யாகச் சொல்லி விற்பதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது. பற்றுச்சீட்டையும் மிச்ச நூலையும் பத்திரப்படுத்தி, நாள் கடத்தாமல் எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கவும் செய்யலாம். இனி நூல் வாங்கும்போது பற்றுச்சீட்டில் "100 வீதம் கம்பளி" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.

நூற்பதற்கான கம்பளி நம்மூரில் கிடைக்காது. யாழ்ப்பாணச் செம்மறியின் உடலில் இருப்பது குட்டை மயிர். கழுவிச் சீவிய கம்பளியை அக்காவிடமே கேளுங்கள். ஒரு சால்வைக்குச் சேதாரத்தோடு 400 கிராம் போதும். வெட்டியபடியே விற்கும் கழுவாத கம்பளி மலிவு என்று மயங்க வேண்டாம். கொழுப்பும் அழுக்கும் போனால் எடை பாதியாகக் குறைந்துவிடக்கூடும்.

காந்தி 1927 நவம்பரில் கதர் நிதிக்காக யாழ்ப்பாணம் வந்தார். அந்தக் காலத்து இராட்டை என்றால் காப்பாற்றி வைக்க வேண்டிய பொருள்தான். ஆனால் உங்கள் வேலைக்கு உதவாது. அது 3 சென்ரிமீற்றர் அளவிலான பருத்தி இழைக்கு, மெல்லிய நூலுக்கு, நிறைய முறுக்கு ஏற்றச் செய்தது. கம்பளி இழை 7 முதல் 10 சென்ரிமீற்றர் வரை நீளும். அதற்கு முறுக்கும் குறைவாகவே வேண்டும். 30, 40 கிராம் எடையில், தலையில் கொக்கி வைத்த தக்கிளி (கையால் சுழற்றி நூற்கும் கதிர்) ஒன்றைத் தச்சாசாரியிடம் கடைந்துகொள்ளுங்கள். அந்த 30,000 ரூபா மிச்சம்.

சாயத்துக்கு நீங்கள் தேர்ந்தது அருமையான பொருள். வெங்காயம் விளையும் மண்ணில் தோல் சும்மாவே கிடைக்கும். 100 கிராம் கம்பளிக்கு 10 முதல் 15 கிராம் படிகாரம் கரைத்த நீரில், கொதிக்க விடாமல், ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். பிறகு, கம்பளியின் எடையளவு காய்ந்த தோலை அவித்து வடித்த நீரில் போட்டு அதேபோல் சூடேற்றினால் பொன்னிறம் ஏறும். இரும்புச் சட்டி வேண்டாம், நிறம் கறுக்கும். பானையிலேயே ஆற விடுங்கள். சூடான கம்பளியைக் குளிர்ந்த நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கித் திரண்டுவிடும். நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, பிசுபிசுத்துக் கம்பளியில் ஒட்டும். மழைநீரைப் பிடித்துவைத்து அதிலே அலசுங்கள். மஞ்சள் தூள் சேர்த்தால் பளிச்சென்று இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; வெயில் பட்டதும் வெளுத்துவிடும்.

நெய்வதற்குத் தறி வாங்க வேண்டாம், கைத்தறி வைத்திருக்கும் ஒருவரிடம் கூலிக்குப் பேசுங்கள். ஆனால் பருத்திச் சேலைக்குப் பூட்டிய நெருக்கமான அச்சில், அதாவது நூல்களைப் பிரித்து நிறுத்தும் சீப்புப் போன்ற பகுதியில், கம்பளிப் பாவு (நெடுக்கு நூல்) உரசி ஒட்டிக்கொள்ளும், அறுந்தும் போகும். இடைவெளி அகன்ற அச்சு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பாவுக்கு இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கிய நூல். ஊடைக்கு (குறுக்கு நூலுக்கு) ஒற்றை இழை போதும். கழுவியபின் 60 சென்ரிமீற்றர் அகலம் வேண்டுமானால் தறியில் 75 வைக்கச் சொல்லுங்கள். கூலியையும், பாவு அறுந்தால் யார் பொறுப்பு என்பதையும் நூலைக் கொடுக்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.