ஸ்வீடன் கால்பந்து வீரர் ஹென்ரிக் லார்சன் 35 கோல் அடித்தும் ஐரோப்பியத் தங்கக் காலணியை அரைப் புள்ளியில்தான் வென்றாராமே, எப்படி?

ஐரோப்பிய நாடுகளின் லீக் போட்டிகளில் ஒரே பருவத்தில் அதிகப் புள்ளி சேர்க்கும் வீரருக்குத் தருவது தங்கக் காலணி. கோல்களை அப்படியே எண்ணுவதில்லை. வலுவான ஐந்து லீக்குகளில் அடித்த கோலுக்கு 2 புள்ளி, அடுத்த தரத்துக்கு 1.5, மற்றவற்றுக்கு 1. தடுப்பாட்டம் பலவீனமான லீக்கில் கோல் குவிப்பது எளிது என்பதால் 1996-97 பருவம் முதல் இந்த முறை.

பணத்தை எண்ணும்போது நோட்டுகளின் எண்ணிக்கையை மட்டுமா பார்க்கிறோம்? ஒவ்வொன்றும் எத்தனை ரூபாய் நோட்டு என்றும் பார்ப்போமே, அதுபோலத்தான்.

2000-01 பருவத்தில் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காக லார்சன் அடித்தது 35 லீக் கோல்; 1.5 ஆல் பெருக்கினால் 52.5. இத்தாலியில் லாசியோ அணியின் கிரெஸ்போ 26 கோல். இரண்டால் பெருக்கினால் 52. அதற்கு முந்தைய பருவத்தில், 1999 அக்டோபரில், லியோன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் இடது கால் முறிந்து பல மாதம் ஆடாமல் இருந்தவர் லார்சன். அதனால் இந்த 35 எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

பலரும் எல்லாக் கோல்களும் கணக்கில் வரும் என்று நினைக்கிறார்கள்; அந்தப் பருவத்தில் அவர் மொத்தம் அடித்தது 53, ஆனால் கோப்பை ஆட்டங்களிலும் ஐரோப்பியப் போட்டிகளிலும் வந்தவை இதில் சேராது.