பயந்து ஓட்டினால் மரம் கருகும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் அப்பாவின் தச்சுப் பட்டறையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு மாதம் முன்பு, கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் ஒரு சிஎன்சி ரௌட்டர் வாங்கினேன். மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் தொந்தரவே இல்லை. தேக்கிலும் வேங்கையிலும் பூஜை அறைக் கதவு செதுக்கினால் மூலையெல்லாம் கருகுகிறது. நாருக்குக் குறுக்கே போகும் இடத்தில் விளிம்பு பிய்ந்துகொண்டு வருகிறது. இரண்டு ஃப்ளூட் (வெட்டும் விளிம்பு) உள்ள 6 மி.மீ. பிட் (சுழன்று வெட்டும் அலகு). 24,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வைத்து, நிமிடத்துக்கு 1,000 மி.மீ. ஃபீடில் (பிட் நகரும் வேகம்) நிதானமாகத்தான் ஓட்டுகிறேன். ஃபீடை இன்னும் குறைத்தால் இன்னும் கருகுகிறது. பிட்டும் சீக்கிரம் மழுங்குகிறது. எங்கே தப்பு?

– ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

தப்பு அந்த நிதானத்தில்தான் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 24,000 சுற்று, இரண்டு ஃப்ளூட். நிமிடத்துக்கு 48,000 வெட்டு. 1,000 மி.மீ.யை அதால் வகுத்தால் ஒரு வெட்டுக்கு 0.02 மி.மீ. வரும். தலைமுடியே அதைவிடத் தடிமன். அவ்வளவு மெல்லிசாக ரௌட்டர் பிட்டால் ஒழுங்காகச் சீவ முடியாது, தேய்க்கத்தான் முடியும். அப்பாவிடம் கேளுங்கள்: இழைப்புளியைப் பயந்து பயந்து தள்ளினால் சுருள் வராது, வழுக்கிக்கொண்டு போகும். அதே கதைதான். சூட்டை வெளியே எடுத்துப்போவது சீவல். சீவல் இல்லையென்றால் சூடு பிட்டிலும் மரத்திலும் தங்கிவிடும்.

16,000 ஆர்பிஎம்மில் 2,500 மி.மீ. ஃபீடில் ஆரம்பியுங்கள். வெட்டுக்கு 0.08 மி.மீ. வரும். ஒரு நடைக்கு (பிட் ஒரு முறை ஓடுவதற்கு) 3 மி.மீ. ஆழம் போதும், அதாவது பிட்டின் பாதி விட்டம். மிஷின் நடுங்கினால் ஆழத்தைக் குறையுங்கள், ஃபீடில் கை வைக்காதீர்கள். கீழே விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாவு மாதிரி இருந்தால் தேய்கிறது. சின்னச் சின்னச் சீவலாக இருந்தால் சரி.

மூலையில் மட்டும் ஏன் கருகுகிறது? திரையில் 2,500 என்று போட்டாலும் மூலை திரும்பும்போது மிஷின் வேகத்தைக் குறைத்துத்தான் திரும்பும். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் மட்டும் அதே சுற்றில் சுற்றும். யாளி முகம் மாதிரி நுணுக்கமான செதுக்கலில் அந்த ஃபீடை அது எட்டுவதே இல்லை. (வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணைப் போட்டோ எடுத்து வந்து, அதே மாதிரி வேண்டும் என்று கேட்கிறவர்கள் உங்களிடமும் வருவார்கள்.) அந்த மாதிரிச் செதுக்கலுக்கு ஆர்பிஎம்மை இன்னும் இறக்கத்தான் வேண்டும். ரொம்பவும் இறக்கினால் ஸ்பிண்டிலுக்குத் தெம்பு போய்விடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிட்டை நேராகக் குத்தி இறக்காமல் சரிவாக இறங்க விடுங்கள். ஒரே இடத்தில் நின்று சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே கறுப்பு வட்டம் விழும்.

அப்புறம் பிய்வது. பலகையின் வெளி விளிம்பை இடஞ்சுழியாக (கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில்) வெட்டினால், பிட் நாரை உள்ளிருந்து வெளியே தூக்கிக்கொண்டு வருகிறது. குறுக்கு நாரில் அது பிய்த்துவிடும். முதலில் அப்படியே வெட்டி, அரை மி.மீ. மிச்சம் விடுங்கள். கடைசி நடையை மட்டும் வலஞ்சுழியாக ஓட்டுங்கள். வெட்டு வெளியே தடிமனாகத் தொடங்கி உள்ளே மெலிந்து முடிவதால் நார் தூக்காது. முழு ஆழத்தையும் வலஞ்சுழியாகவே வெட்டலாமே என்று தோன்றும். லேசான மிஷினில் அதை நான் செய்யமாட்டேன், பிட் தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். வேங்கையில் நார் அங்கங்கே திசை மாறும் என்பதால் இந்தக் கடைசி நடை இல்லாமல் ஆகாது.

மழுங்குவதற்குப் பாதிக் காரணம் தேய்ப்பு, மீதி தேக்கு. தேக்குக்குள் சிலிக்கா இருக்கிறது, மணலை அறுப்பது மாதிரி. கார்பைடு பிட் தவிர வேறு வாங்காதீர்கள்.

இன்னொன்று. சில வருடம் முன்பு நானும் உங்களை மாதிரியே மெதுவாக ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் தூசிப் பையிலிருந்து புகை. கருகிய தூளில் ஒரு பொறி உள்ளே போய்க் கனன்றுகொண்டிருந்தது. பையை வெளியே இழுத்துப்போட்டு, ஸ்பிண்டிலைக் குளிர்விக்க வைத்திருந்த பக்கெட் தண்ணீரை அதன் மேல் கொட்டினேன். வேலூர் மே மாதம், அந்தத் தண்ணீரே வெந்நீர்தான். நல்லவேளை, அணைந்தது. சாயங்காலம் பட்டறையைப் பூட்டும்முன் அந்தப் பையைக் காலி செய்துவிடுங்கள்.

அடுத்த கடிதத்தில் புது எண்களை எழுதுங்கள். ஒரு பிடி சீவலையும் கவரில் போட்டு அனுப்புங்கள், பார்க்கிறேன்.