கடைசி செமஸ்டரில் மார்க் குறைந்தால் அமெரிக்க பிஎச்.டி. இடமும் உதவித்தொகையும் போய்விடுமா?

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. முடிக்கப் போகும் உங்களுக்கு இந்தப் பயம் வருவது சகஜம்தான். பெரும்பாலும் போகாது. டிசம்பரில் விண்ணப்பித்தபோது அமெரிக்கப் பல்கலைக்கழகம் பார்த்தது முந்தைய செமஸ்டர்களைத்தான்.

ஆனால் சேர்க்கைக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். பட்டம் முடித்து, இறுதி மதிப்பெண் பட்டியலை அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அரியர் விழுந்தால்தான் நிஜமான சிக்கல். பட்டமே கைக்கு வராதே! சில இடங்களில் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் கேட்பார்கள். உதவித்தொகையும் சேர்க்கையோடு ஒட்டியதுதான், இது போனால் அதுவும் போகும்.

எனக்கும் ஒரு பேப்பர் சொதப்பியது. கரண்ட் போன குன்னூர் வீட்டில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஃபோனிலேயே இடம் கொடுத்த பல்கலைக்கழகத் துறைக்கு மூன்று வரி மெயில் தட்டினேன். "பட்டம் முடித்தால் போதும்" என்று பதில் வந்தது. கிடைத்த இடத்தை ஏற்கிறீர்களா என்று பெரும்பாலும் ஏப்ரல் 15-க்குள் சொல்ல வேண்டியிருக்கும்; அப்படிச் சம்மதம் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.