பயிற்சி மருத்துவர்களுக்கு வரவு செலவைக் கற்பிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் துறையில் இறுதியாண்டு முதுநிலை மருத்துவர்கள் பலர் விரைவில் சொந்த கிளினிக் தொடங்கவிருக்கிறார்கள். கணக்கும் நிர்வாகமும் அவர்களுக்குத் தெரியாது. ஏற்கெனவே நிரம்பியிருக்கும் பாடத்திட்டத்தில் இதை எங்கே சேர்ப்பது?

பதில்: தனி விரிவுரை வேண்டாம். இரவுப் பணி முடித்து வந்தவருக்கு ஐந்தொகை (சொத்தும் கடனும் காட்டும் கணக்கறிக்கை) பற்றிய உரை மனதில் நிற்காது. தாமே சிகிச்சையளித்த ஒரு நோயாளியின் கோப்பை, பதிவு செய்த நேரம் முதல் காப்பீட்டுத் தொகை வந்து சேரும் வரை, பில்லிங் ஊழியருடன் உட்கார்ந்து பின்தொடரச் செய்யுங்கள். வலது முழங்காலா இடது முழங்காலா என்று கேஸ் ஷீட்டில் எழுதாமல் விட்டதாலோ, எழுதிய நோயறிதலும் கோரிய சிகிச்சையும் பொருந்தாததாலோ கிளெய்ம் திரும்பி வருவதை ஒருமுறை நேரில் பார்த்தவரின் குறிப்பெழுதும் விதமே மாறிவிடும்.

அடுத்து, ஒரே ஒரு கணக்கை அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள். வாடகை, சம்பளம், கடன் தவணை என மாதச் செலவு 4,000 பங்கு (பங்கு என்பது இங்கே கணக்குக்காக எடுத்துக்கொண்ட ஒரு பண அலகு). ஒரு நோயாளியிடம் பெறும் கட்டணம் 10 பங்கு, அதில் பஞ்சு, கையுறை போன்றவற்றுக்கு 2 பங்கு போய்விடும் என்றால், நட்டமின்றி நடத்த மாதம் 500 பேர், 25 வேலை நாட்களுக்கு நாளொன்றுக்கு 20 பேர் வர வேண்டும். அந்த 20 பேரின் கட்டணமும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து 60 நாள் கழித்துத்தான் வருமானால், ஏட்டில் நட்டமில்லாத கிளினிக்கிலும் முதல் மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்காது. கையிருப்பு ஏன் தேவை என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

பணியாளர் தேர்வையும் வரியையும் ஒரு மாலையில் முடித்துவிடலாம். வரிக்கு எப்படியும் கணக்காளரை அமர்த்தத்தான் போகிறார்கள்.

ஆனால் நெறிமுறையை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். கடன் தவணை நெருக்கும்போதுதான் தேவையற்ற ஸ்கேனும் பரிந்துரைக் கமிஷனும் நியாயமாகத் தோன்றத் தொடங்கும். வாங்கவிருக்கும் கருவிக்கு நாளொன்றுக்கு எத்தனை பரிசோதனைகள் தேவை, உண்மையில் எத்தனை நோயாளிகளுக்கு அது அவசியம் என்ற இரண்டு எண்களையும் அருகருகே எழுத வையுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் அந்தக் கருவியை வாங்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இது மருத்துவப் பாடத்துக்குப் புறம்பானது என்று துறைத்தலைவர் தயங்கினால், அமெரிக்காவில் முதுநிலைப் பயிற்சிக்கு அங்கீகாரம் வழங்கும் ஏசிஜிஎம்இ 1999இல் ஏற்ற ஆறு அடிப்படைத் திறன்களில், மருத்துவ அமைப்புக்குள் செலவறிந்து செயல்படுவதும் அடங்கும் என்பதைக் காட்டுங்கள். மாதம் ஒரு புறநோயாளர் பிரிவு நாளில், கடைசி ஒரு மணி நேரம் இதற்குப் போதும்.