ஜப்பான் பயணமும் தபால் நிலையமும்: கேள்வி பதில்

நாகோயாவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். விடுமுறையில் எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள தபால் நிலையத்துக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டு வருவது வழக்கம். ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு அந்தப் பழக்கத்தில் கற்றதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தபால் நிலையத்தை எப்படி அடையாளம் காண்பது? வீட்டுக்கு ஒரு பட அட்டை அனுப்ப எவ்வளவு ஆகும்? (சேலம்)

மேலே இரண்டு படுக்கைக் கோடுகள், அவற்றுக்குக் கீழே நடுவிலிருந்து இறங்கும் ஒரு செங்குத்துக் கோடு. இந்தக் குறியைப் பார்த்தால் தபால் நிலையம் என்று தெரிந்துகொள்ளுங்கள். தபால் துறையின் அன்றைய பெயர் ‘தெய்ஷின்’ என்று தொடங்கும். அதன் முதல் எழுத்தான ‘தெ’யிலிருந்து பிறந்த குறி இது. 1887 முதல் புழக்கத்தில் இருக்கிறது. வரைபடத்திலும் முகவரியின் ஏழு இலக்க அஞ்சல் எண்ணுக்கு முன்னாலும் இதையே காண்பீர்கள்.

பட அட்டைக்கு 100 யென். 2023 அக்டோபரிலிருந்து உலகில் எந்த நாட்டுக்கும் விமானத் தபாலில் இதுதான் கட்டணம். தபால்தலை அச்சிட்ட உள்நாட்டு அட்டையை 85 யென்னுக்கு வாங்கினால், 15 யென் தபால்தலை சேர்த்து ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்பலாம். தெருவிலுள்ள சிவப்புப் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு வாய்கள் இருக்கும். இடது வாய் உள்நாட்டுக் கடிதங்களுக்கும் அட்டைகளுக்கும். வெளிநாட்டுத் தபாலை வலது வாயில் போடுங்கள்.

பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. முகவரியைத் தமிழில் எழுதினால் போய்ச் சேருமா? (மன்னார்குடி)

செய்தியை முழுக்கத் தமிழில் எழுதுங்கள், பாட்டிக்கு அதுதானே வேண்டும். முகவரியில் மட்டும் கவனம் தேவை. ஜப்பானில் தபாலைப் பிரிப்பவர் பார்ப்பது நாட்டின் பெயரை. அது கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கட்டும். அதற்கு மேலே ஊர், மாநிலம், ஆறு இலக்கப் பின்கோடு ஆகியவற்றையும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். வீட்டு எண்ணையும் தெருவையும் இரண்டு மொழியிலும் எழுதிவிட்டால் உங்கள் ஊர்த் தபால்காரருக்கும் வசதி. இடம் போதாவிட்டால் செய்தியைச் சுருக்குங்கள், பின்கோட்டை விட்டுவிடாதீர்கள்.

அக்கா, டோக்கியோவில் வாங்கிய சாமான்களால் பெட்டி நிரம்பிவிடும் என்று தெரிகிறது. அங்கிருந்தே பார்சலில் ஊருக்கு அனுப்பிவிடலாமா? (கோயம்புத்தூர், கல்லூரி மாணவி)

அனுப்பலாம் தங்கச்சி, ஆனால் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார். பெட்டி சுமையாக இருக்கிறது என்பது மட்டும்தான் சிரமம் என்றால், அதை ஊருக்கு அனுப்பத் தேவையில்லை, அடுத்த விடுதிக்கு அனுப்பினால் போதும். ‘யூ-பாக்’ என்ற உள்நாட்டுப் பார்சல் சேவையில் 25 கிலோ வரை, நீள அகல உயரங்களின் கூட்டுத்தொகை 170 சென்டிமீட்டர் வரை எடுத்துக்கொள்வார்கள். டோக்கியோவில் காலையில் கொடுத்த பெட்டி பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ விடுதியில் காத்திருக்கும். ‘லாசன்’ என்ற சங்கிலிக் கடைகளிலும் கொடுக்கலாம். மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை ஆகியவற்றை மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்.

ஊருக்கே அனுப்புவதானால் ஈ.எம்.எஸ். என்ற வெளிநாட்டு விரைவுத் தபால் வேகமானது, விலையும் கூடுதல். கப்பல் தபால் மலிவு, ஆனால் மாதக்கணக்கில் ஆகும். என் புத்தகங்களைக் கப்பலில் அனுப்பினேன். துணிமணிக்கும் புத்தகத்துக்கும் அது போதும், தின்பண்டத்துக்கு ஆகாது.

பார்சலுக்கான படிவத்தை அங்கேயே கையால் எழுதிக் கொடுக்கலாமா? (திருச்சி)

முடியாது. பலர் தடுமாறும் இடம் இது. பொருள் வைத்த வெளிநாட்டுத் தபால் என்றால் விவரங்களை மின்னணு முறையில் முன்கூட்டியே பதிய வேண்டும். கையெழுத்துச் சீட்டு செல்லாது. ஜப்பான் தபால் துறையின் இணையதளத்தில் ஆங்கிலத்திலேயே பதிவு செய்யலாம். கைபேசியில் பதிந்தால் ஒரு சதுரக் குறியீடு கிடைக்கும். பெரிய தபால் நிலையங்களில் உள்ள அச்சுப்பொறியில் அதைக் காட்டினால் சீட்டு வந்துவிடும். முதல் நாள் இரவே விடுதியில் உட்கார்ந்து பதிந்துவிடுங்கள். வரிசையில் நின்றுகொண்டு தட்டச்சு செய்வது பெரும்பாடு. வெறும் கடிதத்துக்கும் பட அட்டைக்கும் இந்த வேலை இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். என் முதல் பார்சலில் ‘பரிசுப் பொருட்கள்’ என்று மட்டும் பதிந்துகொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண்மணி என்னைப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளிருந்ததை ஒவ்வொன்றாகக் காட்டி, இது பருத்தித் துண்டு, இரண்டு. இது பீங்கான் கிண்ணம், ஒன்று என்று சீட்டின் பின்புறம் பென்சிலில் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்து மறுபடி பதிந்தேன். பின்னால் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, அவரும் அவசரப்படுத்தவில்லை.

பரிசு என்று குறித்தால் இந்தியாவில் வரி கிடையாதாமே? (மதுரை)

பழைய செய்தி அது. ஒரு காலத்தில் 5,000 ரூபாய் வரையிலான பரிசுக்கு விலக்கு இருந்தது. 2019 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். ராக்கிக் கயிறுக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு தொடர்ந்தது. ஆகவே, வீட்டில் பார்சலை வாங்குபவரிடம் தபால்காரர் வரி கேட்கக்கூடும் என்று முன்பே சொல்லிவையுங்கள். விலையைக் குறைத்துப் பதியாதீர்கள். பொருள் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

பவர் பேங்க், சென்ட் அனுப்பலாமா? (ஈரோடு)

இரண்டும் கூடாது. நகப்பூச்சு, லைட்டர், ஸ்பிரே டப்பா எதுவும் விமானத் தபாலில் ஏறாது.

ஜப்பானில் ஊருக்கு ஒரு முத்திரை உண்டு என்கிறார்கள். சுற்றுலாப் பயணிக்கும் குத்தித் தருவார்களா? (தஞ்சாவூர்)

தருவார்கள். இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன். ‘ஃபூகெய்-இன்’ என்று கேளுங்கள். காட்சி முத்திரை என்று பொருள். அந்த ஊரின் மலை, கோட்டை, பாலம், பூ ஏதாவது ஒன்று அதில் இருக்கும். மை செம்பழுப்பு நிறம். எல்லா நிலையங்களிலும் இல்லை, ஆயிரக்கணக்கான நிலையங்களில் உண்டு. அட்டையில் 100 யென் தபால்தலை ஒட்டிக் கவுண்டரில் கொடுத்தால் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். தெருப்பெட்டியில் போட்டால் சாதாரண முத்திரைதான் விழும். நினைவாக வைத்துக்கொள்ள வேண்டுமா? ஒரு குறிப்பேட்டில் 85 யென் தபால்தலை ஒட்டி நீட்டுங்கள். முத்திரைக்குத் தனிக் கட்டணம் இல்லை.

குத்துவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு வெற்றுத்தாளில் முதலில் குத்தி மையின் அளவைப் பார்ப்பார்கள். பிறகு தபால்தலையின் ஓரத்தில் பொருத்தி, இரண்டு கைகளாலும் அழுத்தி, மெல்லத் தூக்குவார்கள். என் அப்பா ஆர்.எம்.எஸ்.ஸில் ஓடும் ரயிலில் தபால் பிரித்தவர். நான் அனுப்பிய அட்டைகளில் என்ன எழுதியிருக்கிறேன் என்று படிப்பதற்கு முன்னால் முத்திரையைத்தான் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். ‘சாய்வே இல்லாமல் குத்தியிருக்கிறான்’ என்று ஒருமுறை தொலைபேசியில் சொன்னார். யாரோ முகம் தெரியாத ஊழியருக்கு அப்பா கொடுத்த பாராட்டு. அதை அவரிடம் போய்ச் சொல்ல முடியாமல் போனதே என்று இன்றும் எனக்கு ஏக்கம் உண்டு.

நிலையான முகவரி இல்லாமல் சுற்றுகிறேன். ஒசாகா நண்பர் எனக்கு ஏதாவது அனுப்ப வழி உண்டா? (புதுச்சேரி)

உண்டு. நீங்கள் போகும் ஊரின் தபால் நிலைய முகவரியை எழுதி, ‘கியோகு-தோமே’ என்று குறிக்கச் சொல்லுங்கள். நிலையத்திலேயே நிறுத்திவை என்று பொருள். உள்நாட்டுத் தபாலைப் பத்து நாள் வைத்திருப்பார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். நம் முதலெழுத்துப் பழக்கத்தால் குழப்பம் வரும், நண்பருக்குப் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

சனி, ஞாயிறு திறந்திருக்குமா? (நாகர்கோவில்)

சிறிய நிலையங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 5 வரை. பெரிய நிலையங்களில் ‘யூ-யூ’ என்ற தனிக் கவுண்டர் வார இறுதியிலும் இயங்கும். அங்குள்ள பணம் எடுக்கும் இயந்திரங்களில் வெளிநாட்டு அட்டைகளும் செல்லும்.

ஃபூஜி மலை உச்சியில் தபால் நிலையம் இருப்பது உண்மையா? (வேலூர்)

உண்மைதான். 1906 முதல் இருக்கிறது. கோடையில் மலையேறும் காலத்தில், அதுவும் சில வாரங்கள் மட்டுமே திறக்கும். ஆகஸ்ட் கடைசியில் ஏறினால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள், அதனால் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அட்டைகளைக் கீழேயே எழுதி, தபால்தலையும் ஒட்டி, ஈரம் படாத உறையில் எடுத்துப் போங்கள். உச்சியில் காற்றும் குளிரும் பேனா பிடிக்க விடாது.