வெட்டியதும் வெளுக்கும் புல்தரை: மருந்து வேண்டாம், உயரத்தைக் கவனியுங்கள்

கேள்வி: வீட்டின் முன்புறம் ஒன்றரை சென்ட்டில் பெர்முடா புல் வளர்க்கிறோம். மாதம் ஒருமுறை ஆள் வந்து பிரஷ் கட்டரால் (கையில் பிடித்து வீசி வெட்டும் இயந்திரம்) ஒட்ட வெட்டிவிட்டுப் போகிறார். மறுநாளே தரை வைக்கோல் நிறமாகிவிடுகிறது. பச்சை திரும்ப இரண்டு வாரம் ஆகிறது. பூஞ்சை மருந்து அடிக்கலாமா?

பதில்: அடிக்க வேண்டாம், இது நோயே இல்லை. அடுத்த முறை வெட்டுவதற்கு முன் புல்லைக் கையால் விலக்கிப் பாருங்கள். மேலே இரண்டு விரற்கடை மட்டும்தான் பச்சை இருக்கும். அடியில் இலையில்லாத பழுப்புத் தண்டு. வெளிச்சம் எட்டாத இடத்தில் இலை தங்காது. ஒரு மாதம் வளரவிட்டு ஒட்ட வெட்டினால் இலையெல்லாம் போய், அந்தத் தண்டுதான் வெளியே தெரியும். தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த உணவைச் செலவழித்துத்தான் புல் மறுபடி தழைக்க வேண்டும். மாதாமாதம் இதே கதை என்றால் வேர் ஆழம் குறையும், சந்து கிடைத்த இடத்தில் கோரை புகும்.

ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். 4 செ.மீ. நிறுத்த வேண்டுமானால் 6 செ.மீ. எட்டும்போதே வெட்டிவிட வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெட்ட வேண்டிவரும். பனிக்காலத்தில் இரண்டு வாரம் தாங்கும். தவறிப்போய் 9 செ.மீ. வளர்ந்துவிட்டால் முதலில் 6-க்கு, நாலைந்து நாள் கழித்து 4-க்கு. மரநிழல் விழும் பக்கம் 1 செ.மீ. கூடுதலாக விடுங்கள்.

பிரஷ் கட்டர் ஓரம் கழிக்க மட்டும் போதும். கை ஆடுகிறபடி உயரம் மாறும். அதில் சுழலும் நைலான் நரம்பு இலையை அறுப்பதைவிடப் பிய்ப்பதே அதிகம். தள்ளிக்கொண்டு போய் வெட்டும், சக்கரம் வைத்த மோவர்தான் சரி. அதிலுள்ள உயரக் குறியை அப்படியே நம்பாதீர்கள். மின் இணைப்பைக் கழற்றி (பெட்ரோல் மோவரில் ஸ்பார்க் பிளக் ஒயரை எடுத்துவிட்டு) சிமெண்ட் தரையில் நிறுத்தி, தரைக்கும் பிளேடின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். வெட்டிய நுனி நார்நாராக வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, சாணை பிடிக்க வேண்டும்.

ஈரம் காய்ந்த பிறகே வெட்டுங்கள். விழும் துணுக்குகளை வாரிக் கொட்ட வேண்டியதில்லை, மட்கி உரமாகும். திட்டாகக் குவிந்தால் மட்டும் பரப்பிவிடுங்கள்.

இப்போது வெளுத்திருக்கும் தரைக்கு 300 கிராம் யூரியாவைச் சலித்த மணலோடு கலந்து, இலை உலர்ந்திருக்கும் மாலை நேரத்தில் சீராகத் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். தண்ணீர் விடத் தாமதித்தால் இலை கருகும். புல் 6 செ.மீ. வரும்வரை மோவரை எடுக்க வேண்டாம். அதன்பிறகும் குறிப்பிட்ட மேடுகளில் மட்டும் வெளுத்தால் மண் மட்டமாக இல்லை. சுற்றியுள்ள பள்ளத்தில் மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்து அரை செ.மீ. கனத்துக்குத் தூவி, புல் மேலேறி வந்ததும் அடுத்த அடுக்கு போடுங்கள்.